கத்தி வைக்காமல் தோலுக்குள் பார்ப்பது

வடசென்னையில் சர்க்கரை வியாதிக்காரர் ஒருவராவது இருக்கும் வீட்டில் ‘ஓசிடி’ (OCT) என்ற கண் ஸ்கேன் புதிய சொல் அல்ல. கண் ஆஸ்பத்திரியில் தாடையை ஒரு தாங்கியில் வைக்கச் சொல்லி, உள்ளே தெரியும் புள்ளியைப் பாருங்கள் என்பார்கள். சில விநாடிகளில் விழித்திரையின் குறுக்குவெட்டுப் படம் திரையில் வந்துவிடும். எந்த அடுக்கில் நீர் கோத்திருக்கிறது என்பதுவரை தெரியும். கத்தி இல்லை, ஊசி இல்லை, வெறும் வெளிச்சம்தான். இதே நுட்பம் தோலுக்கும் இருக்கிறது. கூடவே இன்னும் மூன்று நான்கு உறவுக்காரக் கருவிகளும் இருக்கின்றன. அவை எப்படி வேலை செய்கின்றன, எது எதற்கு உதவும் என்பதுதான் இந்தக் கட்டுரை.

தோல்தான் வெளியே தெரிகிறதே, அதைப் பார்க்க எதற்குத் தனிக் கருவி என்று கேட்டால் நியாயம்தான். ஆனால் நாம் வெறுங்கண்ணால் பார்ப்பது பெரும்பாலும் மேலே படிந்திருக்கும் செத்த செல்களின் அடுக்கை. விஷயம் நடப்பது அதற்குக் கீழே. உடம்பின் பெரும்பாலான இடங்களில் மேல்தோல் மொத்தமே 0.1 மில்லிமீட்டர் அளவுதான் இருக்கும். உள்ளங்கையும் உள்ளங்காலும் மட்டும் விதிவிலக்கு, அங்கே 1 மில்லிமீட்டரைத் தாண்டலாம். மேல்தோலின் அடிமட்டத்தில்தான் நிறமி தயாரிக்கும் செல்கள் உட்கார்ந்திருக்கின்றன. அதற்கும் கீழே அடித்தோல்: கொலாஜன் நார்கள், ரத்தக் குழாய்கள், நரம்புகள், முடிவேர்கள், வியர்வைச் சுரப்பிகள் எல்லாம் அங்கே. மச்சம், தேமல், படை, கட்டி என்று தோலில் வரும் பெரும்பாலான தொல்லைகளுக்கு விடை முதல் 2 மில்லிமீட்டருக்குள்ளேயே இருக்கிறது.

அந்த விடையை எடுக்க மருத்துவம் நெடுங்காலமாக நம்பியிருக்கும் வழி பயாப்சி. மரத்துப்போக ஊசி போட்டு, 3 அல்லது 4 மில்லிமீட்டர் அகலத்தில் வட்டமாகத் துளைத்துச் சதையை எடுப்பார்கள். அதை ஃபார்மலினில் போட்டு, மெழுகில் பதித்து, மெல்லிசாகச் சீவி, சாயம் ஏற்றி, மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பார்கள். முடிவு வரச் சில நாள் ஆகும். நம்பகத்தில் அதற்கு இணை இன்றைக்கும் இல்லை. ஆனால் முகத்தில், இமையில், குழந்தையின் தோலில் துளை போட யாருக்கும் மனசு வராது. உடம்பில் முப்பது மச்சம் உள்ளவருக்கு முப்பதையும் தோண்டவும் முடியாது. இன்னொன்று, வெட்டி எடுத்த இடம் போனது போனதுதான். மருந்து போட்ட பிறகு அதே இடத்தில் என்ன மாறியது என்று திரும்பிப் பார்க்க வழியில்லை. வெளிச்சத்தால் பார்க்கும் கருவிகள் இந்த இடைவெளியில்தான் நுழைகின்றன.

தோல் ஏன் கண்ணாடி மாதிரி இல்லை

வெளிச்சத்துக்கு முன்னால் இரண்டு தடைகள். இரண்டையும் வீட்டிலேயே பார்த்துவிடலாம்.

முதல் தடைக்கு வறண்ட குதிகால் போதும். வெள்ளை வெள்ளையாகச் செதில் கிளம்பி நிற்கும் இடத்தில் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவிப் பாருங்கள். வெள்ளை மறைந்து அடியிலுள்ள நிறம் தெரியும். செதில் எங்கும் போய்விடவில்லை. செதிலுக்கும் செதிலுக்கும் நடுவே இருந்த காற்றுதான் வெளிச்சத்தைத் திருப்பி அடித்துக்கொண்டிருந்தது. எண்ணெய் அந்த இடத்தை நிரப்பியதும் வெளிச்சம் உள்ளே இறங்குகிறது. காற்றிலிருந்து தோலுக்குள் நுழையும்போது விழும் வெளிச்சத்தில் 4 முதல் 7 சதவீதம் வரை மேற்பரப்பிலேயே தெறித்துத் திரும்பிவிடும். கேட்கக் கொஞ்சமாகத் தோன்றும். ஆனால் உள்ளே போய்த் திரும்பி வரும் மங்கலான வெளிச்சத்தைக் கெடுக்க இந்தப் பளபளப்பு தாராளமாகப் போதும்.

இரண்டாவது தடைக்கு போன் டார்ச். இருட்டில் டார்ச்சைப் போட்டு விரல் நுனியால் மூடுங்கள். விரல் முழுக்கச் சிவப்பாக ஒளிரும். போனிலிருந்து வந்தது வெள்ளை வெளிச்சம், வெளியே வருவது சிவப்பு மட்டும். நீலத்தையும் பச்சையையும் ரத்தம் உறிஞ்சிவிடுகிறது, சிவப்பு தப்பித்துவிடுகிறது. சரி, இவ்வளவு வெளிச்சம் விரலைத் தாண்டி வருகிறதே, உள்ளே இருக்கும் எலும்பின் நிழல் ஏன் தெரியவில்லை? உள்ளே போன ஒளி நேராகப் போவதில்லை என்பதுதான் காரணம். செல் சவ்வு, உட்கரு, கொலாஜன் நார் என்று ஒவ்வொன்றிலும் முட்டித் திசை மாறுகிறது. வெளிச்சம் வந்து சேர்கிறது, எந்த வழியாக வந்தது என்ற தகவல் வந்து சேர்வதில்லை. இதற்குச் சிதறல் என்று பெயர். தோலைப் படம் பிடிக்கும் எல்லாக் கருவிகளும் அடிப்படையில் இந்தச் சிதறலோடு மல்லுக்கட்டுபவைதான்.

சிவப்பையும் தாண்டி, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புப் பக்கம் போனால் சிதறல் இன்னும் குறையும். ஏறக்குறைய 650 நானோமீட்டரிலிருந்து 1300 நானோமீட்டர் வரை அலைநீளமுள்ள ஒளிக்குத் தோலுக்குள் ஓரளவு வழி கிடைக்கும் (ஒரு நானோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு). அதனால்தான் இந்தக் கருவிகளில் பெரும்பாலானவை அந்த வரம்பிலேயே வேலை செய்கின்றன. இது எக்ஸ்ரே மாதிரியான கதிர்வீச்சு அல்ல. கர்ப்பிணியானாலும் கைக்குழந்தையானாலும் அந்தப் பயம் தேவையில்லை.

இங்கே ஒரு பேரம் வருகிறது. இதைப் பிடித்துக்கொண்டால் மீதி எல்லாம் எளிது. நுணுக்கமாகப் பார்க்க வேண்டுமென்றால் சிதறாத ஒளியை மட்டும் பொறுக்கி எடுக்க வேண்டும். ஆழம் போகப் போகச் சிதறாத ஒளி அருகிக்கொண்டே போகும். ஆழமாகப் பார்க்க நீள அலையை எடுத்தால் நுணுக்கம் குறையும். ஒளியின் அலைநீளத்தில் கிட்டத்தட்டப் பாதியைவிட நெருக்கமாக இருக்கும் இரண்டு புள்ளிகளைச் சாதாரண மைக்ரோஸ்கோப்பால் பிரித்துக் காட்ட முடியாது என்று எர்ன்ஸ்ட் அபே 1873-லேயே சொல்லிவிட்டார். ஆக, ஆழம், நுணுக்கம் இரண்டையும் ஒன்றாகத் தரும் கருவி கிடையாது. ஒவ்வொரு கருவியும் ஒன்றைக் கொடுத்து இன்னொன்றை வாங்குகிறது. ‘லேட்டஸ்ட் மிஷின்’ என்று யாராவது பெருமையாகச் சொன்னால், எவ்வளவு ஆழம், எவ்வளவு நுணுக்கம் என்று இரண்டையும் சேர்த்துக் கேட்க வேண்டும். பெரிதாக்குவதும் நுணுக்கமும் வேறு வேறு. மங்கலான படத்தை எவ்வளவு பெரிதாக்கினாலும் பெரிய மங்கலான படம்தான் கிடைக்கும்.

டாக்டர் கையிலிருக்கும் லென்ஸ்

இந்தக் குடும்பத்தில் மிக எளியது டெர்மோஸ்கோப். உள்ளங்கைக்குள் அடங்கும் கருவி. ஒரு லென்ஸ், சுற்றிலும் சின்ன விளக்குகள், அவ்வளவுதான். பெரும்பாலும் 10 மடங்கு பெரிதாக்கும். இதன் பலம் பெரிதாக்குவதில் இல்லை, மேற்பரப்பின் பளபளப்பை ஒழிப்பதில் இருக்கிறது. ஒரு வழி, தோலில் எண்ணெயோ ஜெல்லோ தடவிக் கண்ணாடியை அழுத்தி வைப்பது. குதிகாலில் தேங்காய் எண்ணெய் செய்த அதே வேலை. இன்னொரு வழி, போலரைஸ்டு ஒளி, அதாவது ஒரே திசையில் மட்டும் அதிரும் ஒளி. விளக்குக்கு முன்னால் ஒரு வடிகட்டி, லென்ஸுக்கு முன்னால் அதற்குக் குறுக்காக இன்னொரு வடிகட்டி. மேற்பரப்பில் பட்டுத் தெறித்த ஒளி தன் அதிர்வுத் திசை மாறாமல் வருவதால் இரண்டாவது வடிகட்டியில் மாட்டிக்கொள்ளும். உள்ளே போய்ப் பல தடவை சிதறி வந்த ஒளி அதிர்வுத் திசை கலைந்திருப்பதால் தாண்டி வந்துவிடும். சிதறல் நமக்கு உதவி செய்யும் அபூர்வமான இடம் இது.

தோலை எண்ணெய் தடவிப் பெரிதாக்கிப் பார்க்கும் யோசனை பழையது. யோஹான் சாஃபியர் என்ற மருத்துவர் 1920-களின் தொடக்கத்தில் இதைப் பற்றி ஜெர்மன் மொழியில் எழுதியிருக்கிறார். ஆனால் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போகும் போலரைஸ்டு கருவிகள் வந்தது 2000-க்குப் பிறகுதான். இன்றைக்கு நம் ஊர்த் தோல் டாக்டர்கள் பலருடைய மேசையில் இது இருக்கிறது.

இதில் என்ன தெரியும் என்பதற்கு உள்ளங்காலை எடுத்துக்கொள்வோம். நம்மைப் போன்ற நிறமுள்ளவர்களுக்கு மெலனோமா என்ற நிறமிப் புற்று அரிது. வந்தால், வெயில் படும் முதுகைவிட, வெயிலே படாத உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி ஆகிய இடங்களில் வருவதுதான் அதிகம். காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் நாளெல்லாம் ஈரத்தில் நிற்கும் ஒருவருக்கு உள்ளங்காலில் ஒரு கறுப்புப் புள்ளி தென்பட்டால், ஏதோ குத்தியிருக்கும் என்று விட்டுவிடுவார். பெரும்பாலும் அது அப்படித்தான் இருக்கும், அல்லது சாதாரண மச்சமாக இருக்கும். எப்படித் தெரிந்துகொள்வது?

உள்ளங்காலிலும் கையில் உள்ளது போலவே ரேகை உண்டு. மேடு, பள்ளம், மேடு, பள்ளம் என்று இணைகோடுகளாக ஓடும். டெர்மோஸ்கோப்பை வைத்தால் மேட்டின் நடுவே பொடிப்பொடியாக வெள்ளைப் புள்ளிகள் வரிசையாகத் தெரியும். அவை வியர்வைத் துவாரங்கள். புள்ளி உள்ள பட்டை மேடு, புள்ளி இல்லாத மெல்லிய கோடு பள்ளம். சாதாரண மச்சமாக இருந்தால் நிறம் பெரும்பாலும் பள்ளத்தில் கோடு கோடாக ஓடும். மாறாக, மேட்டின்மேல் பட்டை பட்டையாக நிறம் ஏறியிருந்தால் டாக்டர் இன்னொரு தடவை உற்றுப் பார்ப்பார், பயாப்சிக்கு எழுதுவார். ஜப்பானியத் தோல் மருத்துவர்கள் விரிவாக ஆராய்ந்து நிலைநாட்டிய விதி இது. வெறுங்கண்ணுக்கு இரண்டும் ஒரே கறுப்புப் புள்ளிதான்.

சிரங்கும் இதில் அழகாகச் சிக்கும். நெருக்கமான வீடுகளில் ஒருவருக்கு வந்தால் மொத்தக் குடும்பமும் ராத்திரியில் சொறிந்துகொண்டிருக்கும். காரணமான பூச்சி 0.3 முதல் 0.4 மில்லிமீட்டர் நீளம்தான். விரல் இடுக்கில் தோலுக்குள் சுரங்கம் போட்டுக்கொண்டு போகும். அதன் உடம்பு ஏறக்குறையக் கண்ணாடி மாதிரி இருப்பதால் தெரியாது. தலையும் முன்னங்கால்களும் மட்டும் கொஞ்சம் பழுப்பு. அதனால் டெர்மோஸ்கோப்பில் ஒரு சின்னப் பழுப்பு முக்கோணமும், அதன் பின்னால் வெள்ளையாக ஒரு வளைந்த கோடும் தெரியும். ஜெட் விமானமும் அது விட்டுப்போகும் புகையும் என்று டாக்டர்கள் இதை அழைப்பது வழக்கம். முக்கோணத்தைப் பார்த்துவிட்டால் சந்தேகம் தீர்ந்தது. அலர்ஜி என்று நினைத்து மாதக்கணக்கில் மாத்திரை விழுங்க வேண்டாம். வீட்டிலிருக்கும் அத்தனை பேரும் ஒரே சமயத்தில் மருந்து தடவிக்கொள்ள வேண்டும் என்பது அப்போதே முடிவாகிவிடும்.

டெர்மோஸ்கோப் ஆழத்தை நேரடியாக அளக்காது. ஆனால் நிறத்தை வைத்து ஆழத்தை ஊகிக்கலாம். ஒரே மெலனின் நிறமி, செத்த தோல் அடுக்கில் இருந்தால் கறுப்பாகத் தெரியும். மேல்தோலில் இருந்தால் பழுப்பு. அடித்தோலின் மேல்பகுதியில் இருந்தால் சாம்பல். இன்னும் கீழே போனால் நீலம். பிறந்த குழந்தையின் இடுப்புக்குக் கீழே நீலமாக ஒரு திட்டு இருப்பதைப் பார்த்து, யாரோ கிள்ளிவிட்டார்கள், ஆஸ்பத்திரியில் கீழே போட்டுவிட்டார்கள் என்று ஆயா ஒரு பஞ்சாயத்தே நடத்திவிடுவார். யாரும் எதுவும் செய்யவில்லை. நிறமி செல்கள் அடித்தோலின் ஆழத்தில் தங்கிவிட்டதால் அப்படித் தெரிகிறது. ஆழத்துக்குப் போகும் சிவப்பு ஒளி அங்கே உறிஞ்சப்படுகிறது, நீல ஒளி வழியிலேயே சிதறித் திரும்பி நம் கண்ணுக்கு வந்துவிடுகிறது. நம் ஊர்க் குழந்தைகளுக்கு இது சர்வசாதாரணம். பெரும்பாலும் சில வருடங்களில் தானாக மங்கிவிடும்.

செல்லைச் செல்லாகப் பார்ப்பது

டெர்மோஸ்கோப்பில் மச்சத்தின் அமைப்பு தெரியும், செல் தெரியாது. ஒரு தோல் செல்லின் அகலம் 10 முதல் 30 மைக்ரான். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அந்த அளவுக்கு இறங்க கான்ஃபோகல் மைக்ரோஸ்கோப் வேண்டும்.

இதன் மூல யோசனை மார்வின் மின்ஸ்கியுடையது. செயற்கை நுண்ணறிவின் முன்னோடி என்று இன்றைக்குப் பேசப்படும் அதே மின்ஸ்கிதான். மூளையின் நரம்புப் பின்னலைப் பார்க்க ஆசைப்பட்டு, தடிமனான திசுவில் எல்லாம் கலங்கலாகத் தெரிகிறதே என்று யோசித்து, 1957-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். தந்திரம் எளிமையானது. மொத்த இடத்துக்கும் வெளிச்சம் அடிக்காமல், லென்ஸால் ஒளியை ஒரே ஒரு புள்ளியில் குவிக்க வேண்டும். திரும்பி வரும் ஒளியை ஒரு ஊசித்துளை வழியாக மட்டும் உள்ளே விட வேண்டும். குவித்த புள்ளியிலிருந்து வரும் ஒளி அந்தத் துளைக்குள் சரியாகப் புகும். மேலேயிருந்தோ கீழேயிருந்தோ வரும் ஒளி துளைக்கு வெளியே விழுந்து வீணாகிவிடும். இப்படிப் புள்ளி புள்ளியாக நகர்த்தி ஒரு முழுப் படத்தைக் கட்ட வேண்டும். காப்புரிமை 1961-ல் கிடைத்தது. ஆனால் நல்ல லேசரும் கம்ப்யூட்டரும் வரும்வரை அது பெரிதாகப் பயன்படவில்லை.

உயிருள்ள மனிதத் தோலில் இதைச் செய்துகாட்டிய முக்கியமான கட்டுரை 1995-ல் வந்தது. அதை எழுதிய குழுவில் முதல் பெயர் மிலிந்த் ராஜாத்யக்ஷா. அந்தக் கட்டுரை சொன்ன விஷயம் நமக்குச் சாதகமானது: இந்த முறையில் படத்துக்குத் தெளிவைத் தருவதே மெலனின்தான். மெலனின் ஒளியைச் சுற்றியிருக்கும் திசுவைவிட அதிகமாகத் திருப்பி அனுப்புவதால் படத்தில் வெள்ளையாகப் பளிச்சிடும். தோல் மருத்துவப் புத்தகங்களில் ‘சிவந்து காணப்படும்’ என்று எழுதியிருப்பதையெல்லாம் நம் நிறத்தில் தேடித் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அப்படியிருக்க, கறுத்த தோலே வசதியாக அமையும் ஒரு கருவி என்பது எனக்குத் தனிச் சந்தோஷம்.

பரிசோதனை எப்படி நடக்கும்? தோலில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, ஒட்டும் வளையம் ஒன்றை அதன்மேல் ஒட்டுவார்கள். அதற்கு மேல் ஜெல் வைத்து லென்ஸ் தலையைப் பொருத்துவார்கள். 830 நானோமீட்டர் லேசர், வலியோ சூடோ தெரியாத அளவு குறைந்த சக்தியில். நோயாளி அசையாமல் இருக்க வேண்டும். மூச்சு விடும்போதே படம் ஆடும். திரையில் கறுப்பு வெள்ளைப் படம், 1 மைக்ரான் அளவு நுணுக்கத்தில். பயாப்சிப் படம் தோலை மேலிருந்து கீழாக வெட்டிக் காட்டும். இதுவோ ஒவ்வொரு ஆழத்திலும் படுக்கைவாட்டில் ஒரு தளத்தைக் காட்டும். மேல்தோலில் செல்கள் அறுகோணக் கட்டங்களாக நெருங்கி நிற்கும், நடுவே உட்கரு இருட்டாக இருக்கும். கொஞ்சம் கீழே போனால் அடிமட்ட நிறமி செல்கள் வளையம் வளையமாக ஒளிரும். இன்னும் கீழே, நுண்குழாய்களில் ரத்தச் செல்கள் ஓடுவதை ஓடிக்கொண்டிருக்கும்போதே பார்க்கலாம். பயாப்சியால் ஒருநாளும் காட்ட முடியாதது இது.

ஆனால் பேரம் நினைவிருக்கட்டும். இந்த நுணுக்கத்துக்குக் கொடுக்கும் விலை ஆழம். 0.2 மில்லிமீட்டரிலிருந்து 0.25 மில்லிமீட்டர் வரைதான் எட்டும். முகத்துக்கு அது போதும். உள்ளங்காலில் செத்த தோலின் தடிமனே அதைத் தாண்டிவிடும். மெலனோமா வர வாய்ப்புள்ள இடத்திலேயே நமக்கு இது கைகொடுக்காமல் போகிறது. கருவியின் விலையும் பல லட்சங்களில், படத்தைப் படிக்கத் தனிப் பயிற்சி வேறு வேண்டும். அதனால் பேட்டைக்குப் பேட்டை இதை எதிர்பார்க்க முடியாது.

ஓசிடி: ஒளியின் எதிரொலி

இப்போது தொடங்கிய இடத்துக்குரிய கருவி. காசிமேட்டு விசைப்படகுகளில் எக்கோ சவுண்டர் இருக்கும். படகின் அடியிலிருந்து ஒலியை அனுப்பும். அது கடலடியில் பட்டுத் திரும்பி வர எவ்வளவு நேரம் ஆனது என்று பார்த்து ஆழத்தைச் சொல்லும். நடுவே மீன் கூட்டம் இருந்தால் அங்கேயிருந்தும் ஒரு பகுதி ஒலி முன்னதாகவே திரும்பும். ஓசிடி இதையே ஒளியை வைத்துச் செய்கிறது. தோலின் ஒவ்வொரு அடுக்கிலிருந்தும் எவ்வளவு ஒளி, எவ்வளவு தாமதமாகத் திரும்பி வருகிறது என்று பார்த்துக் குறுக்குவெட்டுப் படத்தை வரைகிறது.

சிக்கல் வேகத்தில். கடல்நீரில் ஒலி விநாடிக்கு ஏறக்குறைய 1500 மீட்டர் போகும். 30 மீட்டர் ஆழத்துக்குப் போய்த் திரும்ப 0.04 விநாடி. அதை அளக்கலாம். ஒளி விநாடிக்குச் சுமார் 3 லட்சம் கிலோமீட்டர் போகும். 10 மைக்ரான் இடைவெளியில் இருக்கும் இரண்டு அடுக்குகளிலிருந்து வரும் ஒளிகளுக்கு நடுவே உள்ள தாமதம், ஒரு விநாடியை லட்சம் கோடி பங்காகப் பிரித்தால் அதில் ஒரு பங்குகூட வராது. எந்த எலெக்ட்ரானிக் கடிகாரமும் அதை நேரடியாக அளக்காது. அதனால் ஒரு மாற்று வழி. ஒளியை இரண்டாகப் பிரித்து, ஒன்றைத் தோலுக்கும் இன்னொன்றைத் தூரம் தெரிந்த ஒரு கண்ணாடிக்கும் அனுப்புவார்கள். திரும்பி வரும் இரண்டையும் சேர்ப்பார்கள். இரண்டும் கடந்த தூரம் ஏறக்குறையச் சமமாக இருந்தால் மட்டும் அலைகள் ஒன்றோடொன்று கலந்து குறுக்கீட்டு விளைவு தோன்றும். அதைப் படித்தால், ஒளி எந்த ஆழத்திலிருந்து திரும்பியது என்பது தெரிந்துவிடும். அமெரிக்காவின் எம்ஐடி-யைச் சேர்ந்த குழு 1991-ல் இதை வெளியிட்டது. கண்ணில் அது சக்கைப்போடு போட்டது, காரணம் கண் தெளிந்த ஊடகம். தோல் கலங்கலானது, ஆகவே தோலுக்கான கருவிகள் பெரும்பாலும் 1300 நானோமீட்டர் அளவிலான நீள அலையைப் பயன்படுத்துகின்றன.

கிடைப்பது 1 முதல் 2 மில்லிமீட்டர் ஆழம். கான்ஃபோகலைவிடப் பல மடங்கு. நுணுக்கம் 5 முதல் 15 மைக்ரான். செல்லைத் தனித்தனியாகப் பிரிக்க அது போதாது, அடுக்குகளையும் ரத்தக் குழாய்களையும் கட்டியின் எல்லையையும் காட்டப் போதும். ஆகவே, அடிச்செல் புற்று என்ற தோல் புற்று வகையில் கட்டி எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று பார்க்க இது நன்றாக உதவும். ஒரு மச்சம் மெலனோமாவா என்று கேட்டால் தடுமாறும்.

விரல் நுனியை ஓசிடியில் வைத்தால் வரும் படம் பார்க்கவே தனி அழகு. தடித்த செத்த அடுக்கின் ஊடே வியர்வைக் குழாய்கள் திருகாணி மாதிரி சுருண்டு மேலே ஏறும். அதற்குக் கீழே மேல்தோல் முடிந்து அடித்தோல் தொடங்கும் இடம் அலை அலையாக இருக்கும். கவனித்தால் அந்த அலை, மேலே இருக்கும் கைரேகையின் அதே வரைபடம். ரேகையின் அச்சு அங்கேதான் இருக்கிறது, மேலே இருப்பது அதன் நகல். ரேஷன் கடை மிஷினில் கைரேகை விழாமல் திரும்ப வரும் அம்மாக்களை நம் பக்கம் நிறையப் பார்க்கலாம். மீன் ஆய்ந்து, பாத்திரம் தேய்த்து, துணி துவைத்து, சிமென்ட் கலந்து மேல் ரேகை தேய்ந்துபோனவர்கள். அவர்களுக்கு உள்ளே ரேகை அப்படியே இருக்கும். அந்த உள்ரேகையை ஓசிடியால் படிக்கலாம் என்று ஆராய்ச்சியாளர்கள் காட்டியிருக்கிறார்கள். ரேஷன் கடைக்கு அது வர ரொம்ப நாளாகும் என்பது வேறு விஷயம்.

தோலின் தடிமனை அளப்பதிலும் ஓசிடி கெட்டி. மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கலந்த களிம்பைப் படர்தாமரைக்கோ, முகம் வெளுக்கவோ மாதக்கணக்கில் தடவினால் தோல் மெலிந்துபோகும். எவ்வளவு மெலிந்தது, நிறுத்திய பின் எவ்வளவு தேறியது என்பதை வெட்டாமல், அதே இடத்தில், திரும்பத் திரும்ப அளக்க இதுபோன்ற கருவிகளால் முடியும்.

மற்ற உறவினர்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கான்ஃபோகலையும் ஓசிடியையும் கலந்து செய்த புதிய கருவி ஒன்று பிரான்ஸிலிருந்து வந்திருக்கிறது. செல் தெரியும் நுணுக்கம், கிட்டத்தட்ட அரை மில்லிமீட்டர் ஆழம் என்று நடுவழியில் பேரம் பேசியிருக்கிறார்கள். மல்டிஃபோட்டான் மைக்ரோஸ்கோப் என்று இன்னொன்று. இரண்டு ஒளித்துகள்களை ஒரு மூலக்கூறு ஒரே நேரத்தில் விழுங்க முடியும் என்று மரியா கோப்பெர்ட் மேயர் 1931-ல் கணக்குப் போட்டுச் சொன்னார். அதை வைத்து 1990-ல் மைக்ரோஸ்கோப் செய்தார்கள். சாயம் எதுவும் போடாமலே கொலாஜனையும் எலாஸ்டின் நாரையும் தனித்தனியாக அடையாளம் காட்டும். பெரும்பாலும் ஆராய்ச்சிக் கூடத்துக் கருவி. அப்புறம், நம் மாநிலக் கல்லூரியில் படித்த சி. வி. ராமன் 1928-ல் கண்டுபிடித்த ராமன் விளைவை வைத்து, தோலின் எந்த ஆழத்தில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்றும் பார்க்கிறார்கள். அது படம் எடுப்பதைவிட, என்ன பொருள் என்று கண்டுபிடிக்கும் வேலை.

எது இது இல்லை

வடசென்னையின் டி.எச். ரோட்டில் போனால் ‘ஸ்கின் ஸ்கேன் இலவசம்’ என்று பியூட்டி பார்லர் பேனர்கள் கண்ணில் படும். ஒரு பெட்டிக்குள் முகத்தை வைத்தால் வெள்ளை ஒளி, போலரைஸ்டு ஒளி, புற ஊதா ஒளி என்று மாற்றி மாற்றிப் போட்டோ எடுத்து, துவாரம் இத்தனை, எண்ணெய்ப் பசை இத்தனை என்று மார்க் போட்டுக் கொடுக்கும். அது நல்ல கேமரா, அதோடு சரி. மேலே சொன்ன கருவிகளோடு அதற்குச் சம்பந்தம் இல்லை. செல்லையோ ஆழத்தையோ அது பார்ப்பதில்லை, நோயைக் கண்டுபிடிக்கவும் முடியாது. மார்க் எப்படி வந்தாலும், கடைசியில் ஒரு க்ரீம் வாங்கச் சொல்வார்கள்.

போனில் மச்சத்தைப் படம் பிடித்தால் பதில் சொல்லும் ஆப்களையும் நான் நம்பமாட்டேன். இந்த மென்பொருள்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த படங்களில் பெரும்பங்கு வெள்ளைத் தோல்காரர்களுடையவை. நம் உள்ளங்காலை அவை அதிகம் பார்த்ததில்லை.

நடைமுறையில் நமக்குத் தேவைப்படுவது பெரும்பாலும் அந்தக் கையடக்க லென்ஸும் அதைப் பழகிய ஒரு கண்ணும்தான். மச்சம் பெரிதாகிறது, ஓரம் கோணலாகிறது, நிறம் பலவாகிறது, தானாக ரத்தம் கசிகிறது, நகத்தில் கறுப்புக் கோடு தோன்றி அகலமாகிக்கொண்டே போகிறது என்றால் தோல் டாக்டரிடம் காட்ட வேண்டும். பெரியவர்கள் வாயில் இன்னும் கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரியாகவே இருக்கும் ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் தோல் பிரிவு இருக்கிறது, காசு செலவில்லை. லென்ஸில் பார்த்த பிறகும் டாக்டர் பயாப்சி என்று சொன்னால் செய்துகொள்ளுங்கள். ஒளிக்கருவிகள் தேவையில்லாத பயாப்சிகளைக் குறைக்கும், எங்கே எடுப்பது என்று காட்டும். தேவையான ஒன்றுக்கு மாற்றாகாது.

போகிற அன்றைக்கு மேக்கப், பவுடர், நெயில் பாலிஷ் எதுவும் வேண்டாம். வெள்ளையாகப் படியும் களிம்புகளைக் கழுவிவிட்டுப் போங்கள். சந்தேகப்பட்ட இடத்தைச் சுரண்டியிருக்கக் கூடாது. பழைய போட்டோ இருந்தால், கல்யாண ஆல்பமானாலும் சரி, கொண்டுபோங்கள். எப்போதிருந்து இருக்கிறது என்பது டாக்டருக்குப் பெரிய தகவல். பார்க்க வேண்டியது உள்ளங்கையிலோ உள்ளங்காலிலோ இருந்தால் மருதாணி, மெஹந்தி கோன் இரண்டும் முழுக்க அழிந்த பிறகு போவது நல்லது. அந்தச் சாயம் ரேகையின் மேட்டில் அதிகமாக ஏறி நிற்கும், லென்ஸில் பார்த்தால் மெலனோமாவுக்குச் சொன்ன அதே மேட்டு வரிசையாகத் தெரியலாம். அழியும்வரை காத்திருக்க முடியாத நிலை என்றால், வைத்திருக்கிறேன் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.